அண்ணன் ஜெர்மனிக்கு... செடியா யாருக்கு?

ஃப்ரெண்ட்ஸ், உங்க தெருவுலயும் நிச்சயம் ஒரு வண்டி இருக்கும். அது வர்றதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அதோட சத்தம் வந்துடும். ஜன்னல் கண்ணாடி அதிரும், தொட்டில் குழந்தை முழிச்சுக்கும், எதிர் வீட்டுத் தாத்தா வாசலுக்கு வந்து ஒரு முறை முறைப்பார். 'எவன் வீட்டு வண்டிடா இது?'னு நீங்களும் மனசுக்குள்ள திட்டியிருப்பீங்க. கோயம்புத்தூர்ல எங்க ஏரியாவைப் பொறுத்தவரை... ஹிஹி, அது எங்க வீட்டு வண்டிதான்!

பேரு, மிட்சுபிஷி லான்ஸர் செடியா. 2007 மாடல். ஓனர், என் உடன்பிறப்பு. ஆட்டோமொபைல் பார்ட்ஸ் செய்யற ஒரு கம்பெனியில அஞ்சு வருஷம் வேலை பார்த்தவன், திடீர்னு 'மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனி போறேன்'னுட்டான். அட்மிஷனும் வந்துடுச்சு. அங்கே பெரும்பாலான அரசு யுனிவர்சிட்டிகள்ல டியூஷன் ஃபீஸ் கிடையாது. 'ஆஹா, ஓசிப் படிப்பா!'னு குதிக்காதீங்க. ஒரு வருஷம் அங்கே சாப்பிட்டுத் தூங்கக் காசு இருக்குனு முன்னாடியே காட்டணும். அதுக்குப் பேரு 'ப்ளாக்டு அக்கவுன்ட்'. அதுல 11,904 யூரோவைப் போட்டுப் பூட்டினாத்தான் விசா. அன்னன்னிக்கு ரேட்டைப் பொறுத்து நம்ம காசுல 11, 12 லட்சம் வரும்.

அண்ணனோட சேமிப்பு, பி.எஃப் எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தா 2.75 லட்சம் குறையுது. அப்பா மில்லுல சூப்பர்வைசர். என் இன்ஜினீயரிங் ஃபீஸுக்கே ஏற்கெனவே லோன் ஓடுது. வீட்ல விக்கிற மாதிரி இருந்தது ரெண்டே ரெண்டு... ஒண்ணு அம்மாவோட வளையல், இன்னொண்ணு செடியா. 'வளையல் பக்கம் யாரும் போகக் கூடாது'னு அண்ணனே சொல்லிட்டான். ஆக, செடியா!

அண்ணன் விசா, ஏ.பி.எஸ் சர்ட்டிஃபிகேட்னு அலைஞ்சதால, வண்டியை விக்கிற டிபார்ட்மென்ட் என் தலையில விழுந்துச்சு. 'நீதான் மெக்கானிக்கல் மூணாவது வருஷமாச்சே... பண்ணு!' அந்த ஒன்றரை மாசத்துல நாலு செமஸ்டர்ல கத்துக்காததைக் கத்துக்கிட்டேன் பாஸ். அதான் உங்ககிட்டயும் சொல்லிடலாம்னு!

திருவள்ளூர் ஜப்பான்காரன்

முதல்ல வண்டியைப் பத்திச் சின்ன ஃப்ளாஷ்பேக். ஜப்பான் பேரு இருந்தாலும் இவன் நம்ம ஊர்க்காரன். இந்தியாவுக்கான லான்ஸர்களை 1998-லிருந்து திருவள்ளூர்ல இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையிலதான் தயாரிச்சாங்க. 2006-ல செடியா வந்துச்சு. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன். அதே காலத்து மத்த செடான்கள் பொட்டிப்பாம்பா நிக்கும்போது, இவன் மட்டும் ராலி ஓடப் பொறந்தவன் மாதிரி நிப்பான்.

நிஜமாவே ராலி குடும்பம்தான். லான்ஸர் எவல்யூஷன்... சுருக்கமா 'ஈவோ'! டாமி மாக்கினென்ங்கற ஃபின்லாந்து டிரைவர் 1996-லிருந்து 1999 வரைக்கும் வரிசையா நாலு வருஷம் உலக ராலி சாம்பியன் ஆனது ஈவோவுலதான். 2001-ல வந்த ஈவோ 7, செடியாவோட உடம்பை வெச்சு உருவானது. அப்ப ரெண்டும் அண்ணன் தம்பியானு கேட்டா, முகஜாடைதான் ஒண்ணு. ஈவோவுல டர்போ உண்டு, நாலு சக்கரத்துக்கும் பவர் போகும். செடியாவுல டர்போவும் கிடையாது, பவரும் முன் சக்கரத்துக்கு மட்டும்தான்.

'அந்த முகஜாடை போதுமே!'னு எங்கண்ணன் மாதிரி ஆளுங்க முடிவு பண்ணிட்டாங்க. 2020-ல 1.8 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்ட்ல வாங்கினான். ஈவோ ஸ்டைல் ஃபைபர் பம்பர், ரெண்டு இன்ச் பெரிய அலாய் வீல், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற காயில்ஓவர் சஸ்பென்ஷன், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட், பக்கெட் சீட்னு அடுத்த மூணு வருஷத்துல அவன் போட்டது 2.6 லட்சம். கூட்டினா 4.4 லட்சம். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில ரெண்டு தடவை ஓட்டிட்டு வந்து, ஒரு வாரம் எங்க யாரையும் தூங்க விடாம லேப் லேப்பா கதை சொன்னான். கழட்டின ஒரிஜினல் பார்ட்ஸெல்லாம் மொட்டை மாடி ஷெட்டுல. 'இந்தப் பழைய இரும்பை எப்படா எடைக்குப் போடுவே?'னு அம்மா வாராவாரம் அர்ச்சனை பண்ணுவாங்க. (இந்த இரும்பை ஞாபகம் வெச்சுக்கங்க... பின்னாடி வரும்!)

'வீட்ல ஆம்பளைங்க இல்லீங்களா?'

3.5 லட்சம்னு விலை போட்டு விளம்பரம் குடுத்தோம். போன் வந்துச்சு பாருங்க... அப்பப்பா! அவங்களை நாலு வகையாப் பிரிக்கலாம்.

முதல் வகை, 'லாஸ்ட் பிரைஸ்' பார்ட்டி. ஹலோ கூடக் கிடையாது. 'லாஸ்ட் எவ்ளோ?' அவ்ளோதான்.

ரெண்டாவது, எக்ஸ்சேஞ்ச் பார்ட்டி. 'பைக் ஒண்ணு இருக்குங்க, அதோட எழுபதாயிரம் கேஷ்... ஓகேவா?'

மூணாவது, சும்மா பார்ட்டி. வாங்க மாட்டார். 'முறுக்கி ஒரு வீடியோ அனுப்புங்க, சத்தம் கேக்கணும்'பார்.

நாலாவது வகைதான் என்னை ரொம்ப வெறுப்பேத்தினது. 'ஏம் பாப்பா, வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடேன்!' நானும் சளைக்காம, 'அண்ணன் வெளிய போயிருக்குங்ணா. கம்ப்ரெஷன் டெஸ்ட் ரிப்போர்ட் என்கிட்டதான் இருக்கு, நாலு சிலிண்டருக்கும் படிக்கட்டுங்களா?'ம்பேன். மறுமுனையில கப்சிப்!

யூஸ்டு கார் டீலர் ஒருத்தர் நேர்லயே வந்து, வண்டியை ஒரு சுத்து சுத்திட்டு, '1.1 லட்சம் குடுக்கலாம் அம்மணி'ன்னார். 'பார்ட்ஸே 2.6 லட்சத்துக்கு இருக்குங்களே'ன்னேன். 'அதனாலதானுங்க விலை கம்மி'ன்னு சிரிச்சார். கடுப்பாத்தான் இருந்துச்சு. ஆனா, அவர் சொன்னதுல நியாயம் இருக்குனு படிச்சுப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது.

பாகத்துக்கு அஞ்சாயிரம்!

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு என்ன சொல்லுது தெரியுமா? ஆர்சி-யில இருக்கிற விவரத்துக்கும் கம்பெனி குடுத்த வடிவத்துக்கும் முரணா வண்டியை மாத்தக் கூடாது. கலர் மாத்தினாக்கூட ஆர்.டி.ஓ ஆபீஸ்ல சொல்லி ஆர்சி-யில ஏத்தணும். கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதை அடிச்சுச் சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தப்படி, அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், இல்லேன்னா ரெண்டும் சேர்த்து!

இன்ஷூரன்ஸ்லயும் சிக்கல் இருக்கு. மாத்தினதைச் சொல்லாம பாலிசி எடுத்திருந்தா, க்ளெய்ம் பண்றப்ப 'இது நாங்க இன்ஷூர் பண்ணின வண்டியே இல்லையே'னு கைவிரிக்க வாய்ப்பு உண்டு. அதனாலதான் நீங்க ஆசை ஆசையாப் போட்ட பார்ட்ஸ், வாங்குறவர் கண்ணுக்கு வில்லங்கமாத் தெரியுது. மாடிஃபிகேஷன் காசுங்கறது சினிமாவுக்குச் செலவு பண்ண காசு மாதிரி. பார்த்து ரசிச்சாச்சு... திரும்பி வராது.

மூணு லட்ச ரூபாய் ஆசை

நாலாவது வாரம் வந்தாங்க, ஒரு அப்பாவும் பையனும். பையனுக்கு 19 வயசு. லைசென்ஸ் எடுத்து ஆறு மாசம்தான் ஆகுது. வண்டியைப் பார்த்ததும் அவன் முகத்துல ஆயிரம் வாட்ஸ் பல்பு! அண்ணனைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு பைபாஸ்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தான். அவன் குதிச்சு இறங்கினான். அண்ணன் மெதுவா, பேயறைஞ்ச மாதிரி இறங்கினான். 'நூத்தி முப்பதுல போயிட்டு போனை எடுத்து வீடியோ புடிக்கிறான்'னு என் காதுல சொன்னான்.

பையனோட அப்பா பேரம்கூடப் பேசலை. 'மூணு லட்சம். இப்பவே கேஷ். புள்ள ஆசைப்பட்டுட்டான்.' ஒரே ஒரு கண்டிஷன்தான். 'பேர் மாத்தறதை அப்பறம் பாத்துக்கலாம். இந்தக் கோலத்துல ஆர்.டி.ஓ ஆபீஸுக்குக் கொண்டுபோனா வம்பு. ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க தம்பி.' பையன் வேற, 'இன்னும் ஒரு இன்ச் இறக்கிடலாம்லங்ணா?'னு கேட்டுட்டே இருந்தான்.

தேவை 2.75. கையில வர்றது 3. விசா அப்பாயின்ட்மென்ட்டுக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நேர்மையாச் சொல்லுங்க! அண்ணன் 'நாளைக்குச் சொல்றேங்ணா'னு அவங்களை அனுப்பிட்டு வந்து, 'முடிச்சுடலாம்'னான். நான் 'வேணாம்'னேன். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்ல நடந்தது பட்டிமன்றம் இல்லை, மகாபாரதம்!

என் முதல் பாயின்ட், சட்டம். வண்டியை வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள மாத்திக்கணும்னு 50-வது பிரிவு சொல்லுது. மாத்தலைன்னா என்ன ஆகும்? 2018-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்ன நவீன் குமார் வழக்குல, ஒரு கார் பல கை மாறிப் போயிருந்துச்சு. ஆர்சி-யில மட்டும் முதல்ல வித்தவர் பேரே இருந்துச்சு. விபத்துல ஒரு உயிர் போயிடுச்சு. நஷ்டஈடு யார் பொறுப்பு? ஆர்சி-யில யார் பேர் இருக்கோ, அவர் பொறுப்புனு சொல்லிடுச்சு கோர்ட். 'நீ ஜெர்மனியில பரீட்சை எழுதிட்டு இருப்பே. இங்கே சம்மன் வந்தா கையெழுத்துப் போட்டு வாங்கப்போறது அப்பா!'

ரெண்டாவது பாயின்ட், ஃபிசிக்ஸ். வேகம் ரெண்டு மடங்கு ஆனா, வண்டியை நிறுத்த பிரேக் விழுங்க வேண்டிய எனர்ஜி நாலு மடங்கு. 60-ல இருந்து 120 போனா கதை அதுதான். எங்க செடியாவுல சத்தம், உயரம், வீல்னு எல்லாத்தையும் மாத்தியிருக்கான். பிரேக்? கம்பெனி கொடுத்ததேதான்! சஸ்பென்ஷனை இன்னும் இறக்கினா ஸ்பிரிங் அமுங்க இடமே இருக்காது. பள்ளத்துல டயர் ரோட்டை விட்டுத் துள்ளும். ரோட்டைத் தொடாத டயருக்கு பிரேக்கும் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. அண்ணன் இதையெல்லாம் தெரிஞ்சு ஓட்டினவன். மழை வந்தா வேகத்தைக் குறைப்பான், நாலு பேரை ஏத்த மாட்டான். அந்தப் பையனுக்கு வண்டியோட அந்தக் குணம் எதுவும் தெரியாது.

'உலகத்துல யார் எப்படி ஓட்டினாலும் நான் பொறுப்பாக முடியுமா? ஷோரூம்காரன் விக்கும்போது இதெல்லாம் கேக்கறானா?'னு கத்தினான் அண்ணன். அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு பாஸ். எனக்கு உடனே பதில் வரலை. அதுவரைக்கும் பேப்பரைப் படிச்சுட்டிருந்த அப்பாதான் வாயைத் திறந்தார். 'ஷோரூம்காரன் வித்த வண்டி இல்லை சாமி இது. நீ பண்ணுன வண்டி.'

அவ்ளோதான். அண்ணன் எதுவும் பேசாம மாடிக்குப் போயிட்டான்.

பழைய இரும்பு ரிட்டர்ன்ஸ்

மறுநாள் காலையில ஷெட்டுல டமால் டுமீல் சத்தம். எட்டிப் பார்த்தா அண்ணன் துணியும் கையுமா, பழைய சைலன்ஸரைத் துடைச்சுட்டு இருக்கான். ஸ்பிரிங், பம்பர், வீல், சீட்டுனு அம்மா எடைக்குப் போடச் சொன்ன அத்தனையும் பத்திரமா இருந்துச்சு. 'வண்டியைப் பழையபடி ஆக்கிடலாம். பார்ட்ஸைத் தனியா விக்கலாம். ட்ராக்ல ஓட்டறவங்க வாங்கிப்பாங்க'ன்னான்.

தெரிஞ்ச மெக்கானிக் அண்ணா ஷெட்டுல ரெண்டு நாள் வேலை. நானும் ஸ்பேனர் புடிச்சேன். ஒவ்வொரு பார்ட்டா கழண்டு வர வர, ஈவோ மறைஞ்சு செடியா வெளிய வந்தான். கடைசியா சைலன்ஸரை மாட்டி ஸ்டார்ட் பண்ணினா... சத்தமே இல்லை. அண்ணன் பானெட் மேல கையை வெச்சுப் பார்த்துட்டு, 'ஓடுதா?'னு கேட்டான். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, தொண்டையும் அடைச்சுது.

காயில்ஓவர் 38,000, டயரோட அலாய் வீல் 30,000, பக்கெட் சீட் 15,000, எக்ஸாஸ்ட் 9,000. ஆக 92,000. ஃபைபர் பம்பரை மட்டும் யாரும் சீண்டலை. அது இன்னும் ஷெட்டுலதான் இருக்கு. அம்மா அர்ச்சனையும் தொடருது!

வண்டியை வாங்க வந்தவர், உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கூல் வாத்தியார். ரொம்ப நாளா செடியா மேல ஆசையாம். வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, டார்ச்சோட வண்டிக்கு அடியிலயே படுத்துட்டார். நான் ஒரு முழு பக்கத்துக்கு லிஸ்ட் எழுதிக் குடுத்தேன். இடது பக்க ஃபெண்டர் 2021-ல பெயின்ட் அடிச்சது, ஏ.சி கம்ப்ரெஸர்ல சத்தம் வருது, இந்த மாடல் இப்போ விற்பனையில இல்லாததால சில பார்ட்ஸுக்கு அலையணும், 15 வருஷம் முடிஞ்சு 2022-ல 5,000 ரூபாய் கட்டி ஆர்சி-யைப் புதுப்பிச்சது 2027 வரைக்கும்தான் செல்லும்... எல்லாம். படிச்சு முடிச்சவர், 'இத்தனை குறை சொல்லி வண்டி விக்கறவங்களை நான் பார்த்ததே இல்லீங் அம்மணி'ன்னார். 2 லட்சம் சொன்னோம். 1.9-க்கு முடிச்சார்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1.9 லட்சமும் 92,000-மும் சேர்த்தா 2.82 லட்சம். மெக்கானிக் கூலி 9,000 போக 2.73. துண்டு விழுந்த 2,000 ரூபாயை அம்மா அஞ்சறைப்பெட்டியில இருந்து எடுத்து நீட்டினாங்க. 'பழைய இரும்பைத் தூக்கிப் போடாததுக்கு என் பங்கு'னு!

வெளிநாடு போறீங்களா? ஒரு நிமிஷம்!

உங்க வீட்லயும் யாராவது வண்டியை வித்துட்டு ஃப்ளைட் ஏறப் போறாங்கன்னா, இதை மட்டும் கிழிச்சுக் குடுங்க.

* ஃபார்ம் 29, 30... ரெண்டுலயும் தேதி, வாங்குறவர் பேரு எல்லாத்தையும் நிரப்பிட்டுக் கையெழுத்துப் போடுங்க. வெத்து ஃபார்ம்ல கையெழுத்து வேண்டவே வேண்டாம். வாங்குறவர் வேற மாநிலம்னா ஃபார்ம் 28, அதாவது என்.ஓ.சி-யும் வேணும்.

* சாவி குடுக்கிற தேதி, நேரத்தைக் குறிச்சு டெலிவரி ரசீதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு காப்பி வெச்சுக்கங்க.

* இன்ஷூரன்ஸைத் தன் பேருக்கு மாத்த வாங்கினவர் 14 நாளுக்குள்ள அப்ளை பண்ணணும். 'நோ க்ளெய்ம் போனஸ்' வண்டிக்குச் சொந்தம் இல்லை, உங்களுக்குத்தான் சொந்தம். அதுக்கான லெட்டரைக் கேட்டு வாங்கிக்கங்க.

* ஃபாஸ்டேகை மூடிடுங்க. இல்லேன்னா அவர் டோல்கேட்டைத் தாண்டத் தாண்ட, உங்க காசு கரையும்.

* ஆர்சி-யில புதுப் பேரு வந்துடுச்சானு கண்ணால பார்த்துட்டு அப்புறமா பெட்டியைக் கட்டுங்க.

அண்ணன் இப்போ ஜெர்மனியில இருக்கான். போன வாரம் பேசினப்ப, 'ஏய் வாலு, இங்கே ஒருத்தன் வண்டியை இறக்கி, பெரிய வீல் போட்டு நம்ம செடியா மாதிரியே வெச்சிருக்கான்'னு ஆரம்பிச்சான். அங்கே வண்டியை மாத்தறது குத்தம் இல்லையாம். ஆனா, போடற பாகத்துக்கு முறையான அனுமதி இருக்கணும். தேவைப்பட்டா ட்யூஃப் மாதிரி அமைப்பைச் சேர்ந்த எக்ஸ்பர்ட் பரிசோதிச்சு, வண்டியோட பேப்பர்ல அந்த ஸ்பிரிங், அந்த வீல்னு பதிவு பண்ணணும். பக்கத்து வீட்டுக்காரன் அந்தப் பேப்பரை ஏதோ குழந்தையோட மார்க் ஷீட் மாதிரி எடுத்துக் காட்டினானாம்.

'அந்த மாதிரி செக் பண்ணிக் கையெழுத்துப் போடற இன்ஜினீயர் வேலை இருக்குல்ல... அதுக்குத்தான் ட்ரை பண்ணலாம்னு இருக்கேன்'ன்னான். வண்டியை மாத்தறவங்களை எனக்கு இன்னும் பிடிக்கும் ஃப்ரெண்ட்ஸ். ஒரு இயந்திரத்தை அப்படியே ஏத்துக்காம, 'இதை இன்னும் நல்லாப் பண்ண முடியுமா?'னு கேக்கறவங்கதான் இன்ஜினீயர் ஆகணும். ஆனா, நாம திருப்பின ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே நம்ம பேரை எழுதிக் கையெழுத்துப் போடற தைரியம் இருக்கணும். உங்க வண்டியில அப்படி எத்தனை போல்ட் இருக்கு? இன்னிக்கே குனிஞ்சு ஒரு தடவை பார்த்துடுங்க!